கடைசிப் பால், கடைசி மாத்திரை

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம், கடைசி நாட்களில் இருக்கும் புற்றுநோயாளிகளை வீட்டில் பார்க்க ஹோம்கேர் நர்ஸாகப் போகிறவர்களுக்கு மிகவும் பழகிய கேள்வி: “ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கல சிஸ்டர், ஒரு ட்ரிப்ஸ் ஏத்தலாமா?” பட்டினி போட்டு அனுப்புகிறோமோ என்ற பயம், கூட இருந்து பார்த்துக்கொள்பவரை அரித்துக்கொண்டே இருக்கும்.

புற்றுநோயின் கடைசி நாட்களில் உடல் ஓய ஓயப் பசி தானாக அடங்கிவிடும். அப்போது ஏற்றும் ட்ரிப்ஸ் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சிரைப்பைக் கூட்டக்கூடும். உலர்ந்துபோவது வாய்தான். மணிக்கொரு முறை சுத்தமான துணியை நீரில் நனைத்துப் பிழிந்து நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் துடைத்துவிட்டு, உதட்டில் வாஸ்லின் தடவினால் போதும். இதைப் பேரப்பிள்ளைகளிடம்கூடக் கொடுக்கலாம். கை சும்மா இருந்தால் மனசு தாங்காது.

சிக்கல், தர்மபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் சொந்தங்கள் வந்து ஆளுக்கொரு கரண்டி பால் விடும்போதுதான். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். அதற்காகப் பாலையே தடுப்பது தவறு. விடைகொடுக்கும் முறை அது. தலையை ஒருக்களித்து வைத்து, பஞ்சில் பாலைத் தொட்டு உதட்டை நனைக்கலாம். இதை வீட்டு மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தபின் சொன்னால், “மருமக பால்கூட விடவிடல” என்ற பழி வந்து சேரும்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் (morphine) என்ற மருந்தின் சாதாரண மாத்திரை வேலை செய்வது ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுத்தால் அளவு கூடுமே தவிர வலி அடங்காது. கூடவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அதை விட்டுவிட்டால் வயிறு கட்டி உப்பும், வீட்டார் பயந்து மார்பினை நிறுத்துவார்கள், வலி முழுவேகத்தில் திரும்பும். சிறுநீர் குறைந்தாலோ, தூக்கம் மிஞ்சி கைகால் வெட்டிவெட்டி இழுத்தாலோ மருந்து உடலில் தேங்குகிறது என்று சந்தேகப்பட்டு, அடுத்த வேளைக்கு முன்பே நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், அளவு, வலி மூன்றையும் ஒவ்வொரு வேளையும் எழுதிவரச் சொல்வது வழக்கம். வீட்டில் சமாளிக்க முடியாத கட்டத்தில், மாரத்தஹள்ளிப் பக்கம் 1999 முதல் படுக்கைகளோடு இலவசமாக இயங்கும் கருணாஷ்ரயா என்ற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லம் போன்ற இடத்தைக் கேட்கலாம்.

வீட்டில் உயிர் பிரிந்தால், பார்த்துவந்த டாக்டர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். டாக்டரின் போன் நம்பர், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் ஒரே பையில் இருந்தால் நடுராத்திரியில் அலைச்சல் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தங்கள் பஸ் ஏறியபின் நர்ஸ் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவது அவசியம். மாத்திரை வேளைக்கு எழுந்து பழகியவருக்கு அந்நேரம் இன்னும் விழிப்புத் தட்டும். “நான் குடுத்த கடைசி மாத்திரையிலதான் போயிட்டாங்களோ?” என்று அப்போதுதான் வாய்விட்டுக் கேட்பார். சமாதானம் சொல்லுமுன் அந்த நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தையும் அதற்கு முந்தைய பக்கங்களையும் அவரோடு சேர்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். பல வாரங்களாகத் தாங்கிவந்த அதே அளவுதான் கடைசி வரியிலும் இருக்கிறது என்பதை அவர் கையெழுத்திலேயே அவர் பார்க்கட்டும்.