ஒரே சிப், இரண்டு முகம்

காரைக்குடியில் ஒரு பைனான்ஸ் நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய செட்டிநாட்டு வீடு, இரண்டாம் கட்டில் ரேக். வெயில் காலத்திலும் அந்த அறை குளுமையாக இருப்பதால் ஏசிக்கு அதிகம் வேலையில்லை.

ஒரு சர்வருக்குப் புது மைக்ரோகோட் (சிப்பின் நடத்தையைத் திருத்த அதற்குள் ஏற்றும் சிறு நிரல்) போட்டு ரீபூட் செய்தோம். பக்கத்து சர்வரில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு விர்ச்சுவல் மெஷினை (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி) நிறுத்தாமல் இதற்கு மாற்றப் பார்த்தால், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் மறுத்துவிட்டது. எச்எல்இ, ஆர்டிஎம் என்ற இரண்டு சிப் வசதியும் இங்கே இல்லையாம்.

"ரெண்டும் ஒண்ணா வாங்குன ஹாஸ்வெல் சிப்புதானேண்ணே, இதுல மட்டும் எப்படி இல்லாமப் போகும்?" என்றான் கூட இருந்த தம்பி.

நியாயமான கேள்விதான். அந்த இரண்டும் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியின் பகுதிகள். பொதுவான தரவுக்குப் போடும் பூட்டுக்காகக் காத்திருக்காமல் பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) வேலையை முடித்துப் பார்க்கும். மோதினால் மட்டும் திரும்பச் செய்யும். 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் சிப்போடு வந்தது. அதில் பிழை இருப்பதை 2014 ஆகஸ்டில் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் வழியாகவே அணைத்தது. ஆக, புது மைக்ரோகோட் ஏறிய சிப்பும் ஏறாத சிப்பும் வேறு வேறு.

விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகும்போது பார்த்த வசதிகளைத்தான் கடைசிவரை நம்பும். லினக்ஸ் புரோகிராம்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி போன்ற நூலகம் ஆர்டிஎம் இருப்பதாக நினைத்து அந்தக் கட்டளையைக் கொடுக்க, புது சர்வரில் அது செல்லாத கட்டளையாகி, புரோகிராம் அங்கேயே செத்துவிழும். லிப்விர்ட் மறுத்ததே நல்லது.

மெஷினை ஓட்டும் கியூஎமு மென்பொருளில் இதற்கென்றே, டிஎஸ்எக்ஸை மறைத்துக் காட்டும் ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ் என்ற சிபியு மாடல் இருக்கிறது. ஹோஸ்ட் சிப்பை அப்படியே காட்டும் பாஸ்த்ரூ, ஒற்றை சர்வருக்குச் சரி. இடம் மாறும் மெஷின்களுக்கு நான் அதைப் போடுவதில்லை. ஆனால் மாடலில் மறைப்பது மறைப்பு மட்டுமே. வசதி இருக்கிறதா என்று கேட்காமலே அந்தக் கட்டளையைக் கொடுக்கும் புரோகிராம், பழைய மைக்ரோகோட் உள்ள சர்வரில் ஓடத்தான் செய்யும். அதனால் மைக்ரோகோடும் வேண்டும், மாடலும் வேண்டும்.

மாடலை மாற்ற, மெஷினை உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. கியூஎமு பிராசஸ் பழையதே ஓடும், மாடல் மாறாது. முழுக்க நிறுத்தித்தான் தொடங்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். "வட்டி வரவு ஏத்தி முடிச்சுக்கிறேன் தம்பி, அப்புறம் நிறுத்துங்க" என்றார்.

சாயங்காலம் நிறுத்தித் தொடங்கினோம். உள்ளே சிபியு வசதிப் பட்டியலில் ஹாஸ்வெல்லின் இன்னொரு வசதியான ஏவிஎக்ஸ்2 இருந்தது, ஆர்டிஎம் இல்லை. இந்த முறை மறுப்பில்லாமல் மாறிவிட்டது. சரி, பழைய சர்வரில் மிச்சமிருந்த மெஷின்களுக்கும் மாடலை மாற்றி எழுதிவைத்து, அவற்றை நிறுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கினோம்.