ஆர்எக்ஸ் 100 ஆயில் பம்ப்: கால் மில்லிமீட்டர் இடைவெளி

டூ-ஸ்ட்ரோக் வண்டியான என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100-இன் இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் ஆயில் பம்ப் ஒருவழியாகச் சரியான அளவுக்கு வந்துவிட்டது. இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்னால் எழுந்த வெண்புகை அடங்கியிருக்கிறது. பிளக்கின் முனையும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிப் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது. புதுச்சேரியில் இந்த வண்டி புகைக்கிறது என்று சொன்னால், "பம்பைக் கழட்டிப் போட்டுட்டு பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டுங்க சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. 1964-இல் ஒய்ஏ6 வண்டியில் யமஹா அறிமுகப்படுத்திய ஆட்டோலூப் முறையில், பம்ப் தரும் எண்ணெயின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இன்ஜின் சுற்றும் வேகம், ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து திரும்பும் புல்லி (சிறு உருளை) அனுமதிக்கும் பிளஞ்சரின் (எண்ணெயைத் தள்ளும் சிறு தண்டின்) நகர்வு. பெட்ரோலில் கலந்து ஓட்டும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரை மூடினால், பெட்ரோலோடு சேர்ந்து எண்ணெயும் குறைந்துவிடுகிறது; ஆனால் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) அப்போதும் வேகமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்ப் இருந்தால் அந்த நேரத்திலும் குறைந்தபட்ச நகர்வுக்கு உரிய எண்ணெய், சுற்றின் வேகத்துக்கேற்பப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அந்தக் குறைந்தபட்ச நகர்வின் அளவு வண்டி நிற்கும்போது மட்டும் பயன்படுவதன்று. பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் காப்பதும் அதுவே.

கேபிள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ரிப்பிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று பம்புக்கும் போகிறது. கடற்காற்றில் பம்புக்குப் போகும் கேபிளின் உள்கம்பி துருப்பிடித்து இறுகியிருந்ததால், ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்ட பிறகும் புல்லி தன் இடத்துக்குத் திரும்பவில்லை. புகைக்குக் காரணம் அதுதான். புதுக் கேபிள் போட்டு, முதலில் ஐடிலிங், பிறகு கார்புரேட்டர் கேபிளின் தளர்வு, கடைசியாகப் பம்ப் கேபிள் என்ற வரிசையில், க்ரிப்பின் தளர்வு முழுவதும் நீங்கும் நிலையில் புல்லியின் குறி முள்ளுக்கு நேராக நிற்குமாறு வைத்தேன். குளிர் நாடுகளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வைத்திருப்பவர்களும் பம்பின் லீவரில் உள்ள குறியைப் பம்பின் உடலில் உள்ள குறியோடு பொருத்தி இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

புகை நின்றதோடு பலர் விட்டுவிடுவார்கள். குறைந்தபட்ச நகர்வை அளக்காமல் மூடியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. யமஹாவின் இவ்வகைப் பழைய பம்புகளில், பம்பின் முன்தட்டுக்குப் பின்னால் விழும் இடைவெளியே இந்த நகர்வின் அளவு; அது பெரும்பாலும் 0.20 முதல் 0.25 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதை அளப்பதைவிட, அளக்க வேண்டிய நிலையைக் கண்டுபிடிப்பதே கடினம். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் பம்பின் முன்தட்டு மெதுவாக வெளியே வந்து மறுபடி உள்ளே போகும். உள்ளே கியர் வழியாக வேகம் வெகுவாகக் குறைக்கப்படுவதால், தட்டு வெளியே வந்து சேர்வதற்குள் கிராங்க் பல சுற்று சுற்றிவிடும். தட்டு மிக அதிகமாக வெளியே நிற்கும் அந்த ஒரு நிலையில் மட்டுமே அளவு உண்மையானது. சற்று முன்பின்னாக இருந்தாலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகளின் தொகுதி) பொய் சொல்லும். தட்டின் பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தை அடித்து, இடைவெளியில் தெரியும் ஒளிக்கோடு எப்போது மிகத் தடிக்கிறது என்று பார்ப்பதே நான் கண்ட நம்பகமான வழி. இலையைத் தள்ளி நுழைக்கவும் கூடாது. தட்டு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பதால் தடித்த இலையும் உள்ளே போய்விடும், அந்த அளவு வீண்.

இப்படிப் பார்த்தபோது 0.20 இலை நுழையவே இல்லை, 0.15 மட்டுமே தடையின்றிப் போனது. அதாவது, அதிகமாகப் புகைத்துக்கொண்டிருந்த இதே பம்பின் அடிப்படை அளவு தேவைக்குக் குறைவாக இருந்தது. புகையைப் பார்த்து ஆயிலைக் குறைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: கேபிளில் குறைக்க வேண்டியிருந்தது, ஷிம் எனும் மெல்லிய உலோக வளையத்தில் கூட்ட வேண்டியிருந்தது. தட்டுக்கு அடியில் ஷிம் சேர்த்தால் நகர்வு கூடும். உள்ளூர்க் கடைகளில் ஷிம் தனியாகக் கிடைப்பதில்லை; சென்னைப் புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட பம்ப் ஒன்றை வாங்கி, அதிலிருந்த 0.1 மி.மீ. ஷிம்மை எடுத்துப் போட்டதும் இடைவெளி 0.25-க்கு வந்து நின்றது. ஃபீலர் கேஜ் வேண்டுவோர் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிறு சந்தையில் பழைய கருவிகள் விற்பவர்களிடம் தேடிப் பார்க்கலாம். இலைகளில் துரு இல்லாததாகப் பார்த்து எடுப்பது அவசியம்.

பிறகு காற்றை வெளியேற்றும் பிளீட் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை எண்ணெயை வழியவிட்டேன். பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயிலும் காற்று தங்கியிருக்கும் என்பதால், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுவதும் இழுத்துப் பிடித்தேன். அதுவரை டேங்கில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் இருப்பது பாதுகாப்பு.

சைலென்சரின் உட்குழாயில் படிந்திருக்கும் கரியை எரித்து எடுப்பதும் பெட்ரோல் கலவையை ஒருவழியாக இன்ஜினுக்குள் விடும் ரீட் வால்வு இதழ்களைப் பார்ப்பதும் அடுத்த வேலைகள். 1996-இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு நல்ல இதழ்கள் கிடைப்பது அரிதாகி வருவதால், அவற்றை இப்போதே தேடத் தொடங்கிவிட்டேன். ஆனால் பம்ப் வேலை இன்னும் முழுமையாக முடியவில்லை. ஆயில் டேங்கின் மட்டத்தை டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன். கடலூர்வரை போய்த் திரும்பி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்த பிறகே டேங்கில் கலப்பில்லாத பெட்ரோல் ஊற்றுவேன்.