பாக்-மேன் 256-ம் தாளம் தப்புற டிரம்ஸும்

ஆர்கேட் கேம் பத்தி பேச ஆரம்பிச்சா அது சுத்தி சுத்தி பழைய ராக் ரெக்கார்டுல போய்தான் நிக்கும், எங்க கும்பல்ல எப்பவும் நடக்குறதுதான். ரெண்டும் வேற வேற ஆளுங்க சமாச்சாரம்னு வெளில இருக்கவங்க நெனைப்பாங்க. ஆனா மொத்தமே ஐநூறு காப்பி போட்ட ஒரு சிங்கிள் ரெக்கார்டைத் தேடி அலையுறவனும், யாரும் சீண்டாத கேம் போர்டுல இருந்து கேம் ப்ரோக்ராம் இருக்கற ரோம் (ROM) சிப்பைப் பிடுங்கி டம்ப் பண்றவனும், அதாவது உள்ள இருக்கறதை காப்பி எடுக்கறவனும், பாதி நேரம் ஒரே ஆளாதான் இருக்கான்.

போன வாரம் சண்டை ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல ஆரம்பிச்சுது, வரிசையா இறங்கி வர்ற ஏலியனை சுடற பழைய ஆர்கேட் கேம். "கடைசில ஏலியன் கொறைய கொறைய வேகம் ஏறும்ல, என்னா டிசைன்டா"ன்னு ஒருத்தன் உருகினான். இன்னொருத்தன் விடல, "டிசைனாவது மண்ணாவது, மெஷினுக்கு மூச்சு வாங்குது மச்சான், அவ்ளோதான்"னான். ரெண்டு பேரும் சொல்றது சரி. 1978-ல டைட்டோவுக்காக டொமோஹிரோ நிஷிகாடோ பண்ண கேம் அது, உள்ள இருக்கறது 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 ப்ராசசர். வரிசைக்கு 11, அஞ்சு வரிசை, மொத்தம் 55 ஏலியன். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஸ்கிரீனை ஒரு தடவை வரையறதுக்கு, ஒரே ஒரு ஏலியனைத்தான் நகர்த்தும், அதனால 55 பேரும் ஒரு அடி எடுத்து வைக்க 55 ஃப்ரேம் ஆகும், பாதி பேர் செத்துட்டா பாதி நேரம் போதும், கடைசி ஆள் மட்டும் மிஞ்சினா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நகர்ந்து பேய் மாதிரி ஓடுவான். இது தானா வந்து சேர்ந்தது, நிஷிகாடோ பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே விட்டுட்டார். கூடவே அந்த நாலே நாலு பேஸ் நோட்டு, டும் டும் டும் டும்னு இறங்குறது, அதுவும் சேர்ந்து வேகமாகும். அதைக் கேட்டா எனக்கு இப்பவும் உள்ளங்கை வேர்க்கும். ப்ரீடெண்டர்ஸ்ங்கற ராக் பேண்டோட முதல் ஆல்பத்துல அந்த கேம் பேர்லயே ஒரு இன்ஸ்ட்ருமென்டல் இருக்கு, முடியறப்ப கேம் சத்தமே வரும், கேட்டுப் பாருங்க.

இங்கதான் பேச்சு ஷாக்ஸ்ங்கற பேண்டு பக்கம் திரும்புச்சு. தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ஃப்ரீமான்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க டாட், பெட்டி, ஹெலன்னு மூணு அக்கா தங்கச்சிங்க. பொண்ணுங்க பேண்டு வெச்சு பெரிய ஆளா வருவாங்கன்னு அப்பாவோட அம்மா கைரேகை பாத்து சொல்லியிருந்தாங்களாம், அதை நம்பி அந்த மனுஷன் கிடார், டிரம்ஸ் எல்லாம் வாங்கிக் குடுத்து 1969-ல ஸ்டுடியோவுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். அதுதான் 'பிலாசபி ஆஃப் தி வேர்ல்ட்'. அதுல டிரம்ஸ் ஒரு பாட்டு வாசிக்கும், கிடார் வேற பாட்டு வாசிக்கும், ஆனா பாடுறதும் கிடாரும் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டே போகும், ஒரு எழுத்துக்கு ஒரு நோட்டு. முதல் தடவை கேட்டா சிரிப்பு வரும். நாலஞ்சு தடவை கேட்டப்புறம் டிரம்ஸ் வாசிக்கற ஹெலன் அடுத்த அடி எங்க வைப்பாங்கன்னு காது காத்துக்கிட்டு இருக்கும், சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியாது. ஆயிரம் காப்பி போட்டதுல பெரும்பகுதி காணாமலே போச்சுன்னு கதை, 1980-ல ரவுண்டர்ங்கற ரெக்கார்டு கம்பெனி மறுபடி வெளியிட்டப்புறம்தான் நாலு பேருக்கு தெரிஞ்சுது.

"இதைப் போய் இப்போ இருக்கற சாஃப்ட்வேர்ல போட்டு டிரம்ஸை மட்டும் தாளத்துக்கு இழுத்து வெச்சா எப்படி இருக்கும்?"னு ஒரு மகானுபாவன் கேட்டான் பாருங்க. கேட்டவனை ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தோம். ஏன்னா அது பாக்-மேன் 256-வது லெவலை ரிப்பேர் பண்ற மாதிரி.

அந்த லெவல் தெரியும்ல? 1980 நாம்கோ கேம், லெவல் நம்பரை எட்டு பிட்டுல வெச்சிருக்காங்க, 255 வரைக்கும்தான் தாங்கும். 256-வது லெவல்ல அது பூஜ்யமாயிடும், கீழ பழம் வரையற ரொட்டீன் கொழம்பிப்போய் ஏழு பழத்தோட நிக்காம 256 தடவை வரைஞ்சு தள்ளும். ஸ்கிரீன்ல இடது பாதி வழக்கம்போல, வலது பாதி பூரா எழுத்தும் துண்டும் துணுக்குமா வாரி இறைச்ச மாதிரி கிடக்கும். லெவல் முடியணும்னா 244 புள்ளி சாப்பிடணும், அவ்வளவு புள்ளி அங்க கிடையவே கிடையாது. அதனாலதான் அந்த கேமுக்கு 33,33,360-ன்னு ஒரு உச்ச ஸ்கோரே உண்டாச்சு. எட்டு பிட்டு கதை டாங்கி காங்லயும் இருக்கு, லெவல் 22-ல போனஸ் கணக்கு 260 வரணும், எட்டு பிட்டுல அடங்காம 256 கழிஞ்சு 4-ஆ நிக்கும், அதனால டைமர் வெறும் 400-ல ஆரம்பிக்கும், பாதி ஏணி ஏறுறதுக்குள்ள ஆள் காலி. இதையெல்லாம் சரி பண்ணி வெளியிட்டா யாருக்கு வேணும்?

இதே வாதத்தை வெச்சு ரீமாஸ்டர், அதாவது பழைய ரெகார்டிங்கை சுத்தம் பண்ணி திரும்ப வெளியிடறது, எல்லாமே பாவம்னு சொல்றவங்களும் எங்க கும்பல்ல உண்டு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. டெத் பேண்டையே எடுத்துக்கோங்க. டெட்ராய்ட்ல ஹாக்னி சகோதரர்கள் மூணு பேரு, 1975-லயே பங்க் ராக் மாதிரி ஒண்ணை ரெகார்ட் பண்ணிட்டாங்க, பேரை மாத்துங்கன்னு ரெகார்ட் கம்பெனி பக்கம் இருந்து சொன்னதுக்கு டேவிட் ஹாக்னி முடியாதுன்னுட்டார். அடுத்த வருஷம் சொந்தமா 500 சிங்கிள் போட்டாங்க, அதோட சரி. டேப் மாடியறையில தூங்குச்சு, 2009-லதான் ட்ராக் சிட்டிங்கற ரெக்கார்டு கம்பெனி ஆல்பமா கொண்டுவந்துச்சு, டேவிட் 2000-லயே போய்ட்டார். இங்க மாஸ்டர் டேப்பை ஒழுங்கா எடுத்து சுத்தமா குடுத்ததுதான் நியாயம், ஏன்னா கீறல் சத்தம் அவங்க வாசிச்சது இல்ல, தேஞ்சுபோன ரெக்கார்டு வாசிச்சது. ஹெலனோட தாளம் ஹெலன் வாசிச்சது. கேம்லயும் அப்படித்தான், செத்துப்போன ஸ்பீக்கரோட கரகரப்பை யாரும் காப்பாத்த வேண்டாம், ஆனா ப்ராசசர் திணறுற வேகம் கேமோட பாகம், பழைய கேமை இப்போ கம்ப்யூட்டர்ல ஓட்டற எமுலேட்டர்ல அது பிசகினா நான் அதை ஆட மாட்டேன்.

ரெண்டு உலகமும் நெசமாவே ஒரே பெட்டிக்குள்ள இருந்த கதையும் உண்டு. 1983-ல பேலி மிட்வேங்கற கேம் கம்பெனி ஜர்னிங்கற ராக் பேண்டை வெச்சு ஒரு ஆர்கேட் கேம் விட்டாங்க. குட்டி கார்ட்டூன் உடம்பு, அது மேல கருப்பு வெள்ளை போட்டோவா பேண்டு ஆளுங்களோட நெஜ தலை, பாக்க ஒரு தினுசா இருக்கும். பறிபோன வாத்தியங்களை ஒவ்வொருத்தரா மீட்டுட்டு வந்தா கடைசில கச்சேரி, அப்போ அவங்களோட 'செபரேட் வேஸ்' பாட்டு ஒலிக்கும். அந்த காலத்து சிப்புல பேண்டோட பாடகர் ஸ்டீவ் பெரி குரல் எங்க வரப்போகுது? கேம் பெட்டிக்குள்ள ஒரு கேசட் ப்ளேயரையே வெச்சுட்டாங்க! ரோம் டம்ப்ல பாட்டு இருக்காது, டேப்பைத் தனியா பதிஞ்சு சேர்க்கணும். அப்போ டேப் தேஞ்சு குரல் இழுத்தா அது கேமோட பாகமா, வெறும் தேய்மானமா? இதுக்கு மட்டும் எங்க கும்பல்ல இன்னும் தீர்ப்பு வரல. என் ஓட்டு தேய்மானம்னுதான், ஆனா எதிர்க்கட்சி ரொம்ப பலமா இருக்கு.