வாய் தெரியாத இடங்கள்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது பதினோரு ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. வடபழனியிலும் சாலிகிராமத்திலும், வெளியிலிருந்து பார்த்தால் குடியிருப்பு வீடு போலவே தெரியும் கட்டடங்களுக்குள் இயங்கிய ஒலிப்பதிவுக் கூடங்களில், நான் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு டப்பிங் கலைஞர்கள் பேசுவார்கள். திரையில் உதடு விரியும்போது 'ஆ'வோ 'ஏ'வோ வர வேண்டும். ஒட்டும்போது 'ப'வோ 'ம'வோ வர வேண்டும். ஹாங்காங் படங்களில் இது பெரும்பாடு. கான்டனீஸ் மொழியில் சொற்கள் பெரும்பாலும் ஓரசை, ஈரசை. "போயிருக்கக் கூடாதா" என்று நம் ஆள் கேட்டு முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் பதிலும் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான்.

ஆகவே எங்களுக்கு மிகவும் பிடித்தவை வாய் தெரியாத இடங்கள். நடிகர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், அல்லது கேமரா தூரத்தில் இருக்கிறது, அல்லது சண்டை நடக்கிறது. அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். படத்தை வாங்கியவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஜாக்கி சான் படம் என்றால் நிமிடத்துக்கு ஒரு முறை சிரிப்பு வர வேண்டும், சண்டையில் காலி இடம் விடக் கூடாது என்பது எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் ஒன்றின் எழுதப்படாத உத்தரவு. நானும் விடவில்லை. 1985இல் வெளிவந்த அவருடைய 'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசிச் சண்டை, ஒரு பல்பொருள் அங்காடியின் கண்ணாடிப் பெட்டிகள் ஒன்று விடாமல் நொறுங்கும் சண்டை, என் கைக்கு வந்தபோது, மூலத்தில் அநேகமாகப் பேச்சே இல்லாத அந்தப் பகுதிக்கு இரண்டு பக்கம் வசனம் எழுதினேன். அடிப்பவனும் பேசினான், அடி வாங்குபவனும் பேசினான். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அந்தப் படத்துக்கு 'ரியாக்‌ஷன்' கொடுக்க, அதாவது முக்கல், முனகல், மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்க, ஒரு பழைய ஃபைட்டரை அழைத்திருந்தார்கள். முழங்கால் போனதால் ஸ்டன்ட் வேலையை விட்டுவிட்டவர். தன் முறைக்காகக் காத்திருந்தபோது நான் எழுதிய சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, "சார், தப்பா நெனைக்காதீங்க. விலாவுல அடி வாங்குனவன் பேச மாட்டான் சார். மூச்சு உள்ள போவாது. அந்தாளு அங்க சும்மா இல்ல, பேசிக்கிட்டுதான் இருக்காரு. நீங்க அது மேல பேசுறீங்க" என்றார். நான் சிரித்துவிட்டு, "அண்ணே, கம்பெனி கேக்குறாங்க" என்றேன். உண்மைதான் என்றாலும் அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அன்றிரவு அந்தச் சண்டையை ஒலி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. ஓர் அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி, ஒரு நிறுத்தம், கண்ணாடி உடைகிறது, மீண்டும் நிறுத்தம். ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. அடி விழும் கணத்தைத் தூரக் காட்சியில் ஒரு முறை காட்டிவிட்டு, அருகாமைக் காட்சிக்கு வெட்டும்போது சில ஃபிரேம்களைப் பின்னோக்கி எடுத்து அதே அடியை மறுபடியும் தொட்டுக் காட்டியிருந்தார்கள். ஒலிப்பதிவாளர்கள் இதைப் பற்றி முன்பே புலம்பியிருக்கிறார்கள்: படத்தில் அடி இரண்டு, வைக்க வேண்டிய சத்தம் ஒன்று. அது ஏதோ படத்தொகுப்புக் குளறுபடி என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் ஜாக்கி சானின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். 1954 ஏப்ரல் 7 அன்று ஹாங்காங்கில் பிறந்தவர். இயற்பெயர் சான் கோங்-சாங். சீனாவின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தப்பி வந்த பெற்றோர், விக்டோரியா சிகரத்தில் இருந்த பிரெஞ்சுத் துணைத் தூதரின் வீட்டில் தந்தை சமையல்காரராகவும் தாய் வீட்டு வேலையிலும் இருந்தார்கள். பின்னர் தந்தைக்கு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், அமெரிக்கத் தூதரகத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. பள்ளிப் படிப்பில் தேறாத சிறுவனை யூ ஜிம்-யூன் என்ற ஆசிரியர் நடத்திய பீக்கிங் ஓபரா (பாட்டும் கரணமும் சண்டையும் கலந்த சீன மேடை நாடகம்) பள்ளியில், பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டுச் சென்றார்கள். ஏழு வயது. விடியற்காலையிலிருந்து இரவு வரை குட்டிக்கரணம், கையில் நிற்றல், ஆயுதப் பயிற்சி, பாட்டு, தவறினால் பிரம்பு. எழுத்துப் படிப்பு மட்டும் பேருக்குத்தான். சாம்மோ ஹங், யூன் பியாவ் போன்ற பிற்கால நட்சத்திரங்களும் அதே பாயில் உருண்டு எழுந்தவர்கள். நம் ஊரின் பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த வாழ்க்கை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

பீக்கிங் ஓபராவில் சண்டைக்காரர்கள் தாளக் கருவிகளுக்குத்தான் அடி வைக்கிறார்கள். சிறு பறையும் தாளமும் வெண்கலத் தட்டும் உந்த உந்த உடம்பு நகரும். தட்டு ஓங்கி ஒலிக்கும் இடத்தில் நடிகர் சிலையாக நின்று முகத்தைக் காட்டுவார். நான் வசனம் போட்டு அடைத்த அந்த நிறுத்தங்கள் எல்லாம் அந்தத் தட்டு ஒலிக்கும் இடங்கள். சிறுவனின் உடம்பில் பத்தாண்டுகள் ஏற்றிய தாளத்தின் மேல் நான் நகைச்சுவைத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளியை விட்டு வெளியே வந்தபோது ஓபராவுக்குக் கூட்டம் இல்லை. கரணம் அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஸ்டுடியோக்களில் அடியாள் வேலைதான் கிடைத்தது. புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யிலும் (1972) 'என்டர் தி டிராகன்' படத்திலும் (1973) அடி வாங்கிப் பறக்கும் பெயரற்ற உடம்புகளில் ஒன்று இவருடையது. வேலை வற்றிய காலத்தில் கான்பெராவுக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். 'ஜாக்கி' என்ற பெயர் அங்கே உடன் வேலை செய்தவர்கள் கூப்பிட்டதில் ஒட்டிக்கொண்டது. 1976இல் இயக்குநர் லோ வெய் திரும்ப அழைத்து, மறைந்துவிட்ட புரூஸ் லீயின் இடத்தில் நிறுத்தப் பார்த்தார். முறைத்துப் பார்க்கும், வலியே தெரியாத, பழிவாங்கும் நாயகன். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. 1978இல் வேறொரு நிறுவனத்துக்கு இரவலாகப் போன இடத்தில், யூன் வூ-பிங் இயக்கிய 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய இரண்டு படங்களில்தான் அவர் தானாக இருக்க முடிந்தது. புரூஸ் லீ அடித்தால் எதிரிக்கு வலிக்கும். இவர் அடித்தால் இவருடைய கையும் வலிக்கும். குத்திவிட்டு முகத்தைச் சுளித்துக் கையை உதறும் அந்த ஒரு சைகைதான் அவருடைய நாற்பதாண்டுத் தொழிலுக்கு முதலீடு என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கால ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலியில்லாமல் படமாக்கப்பட்டு, பேச்சும் சத்தமும் பின்னால் சேர்க்கப்பட்டவை. நான் 'மூலம்' என்று நினைத்துப் பின்தொடர்ந்த உதட்டொலியே கூடத்தில் போட்டது. ஆகவே அந்தப் படங்களில் படப்பிடிப்புத் தளத்திலிருந்து நேராக வந்தது உடம்பு ஒன்றுதான்.

அந்த உடம்பு பட்ட பாட்டையும் கேட்க வேண்டும். 'போலீஸ் ஸ்டோரி'யின் அங்காடியில், மின்விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பல மாடி உயரம் சறுக்கி இறங்கியதில் உள்ளங்கைகள் வெந்தன. முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடி. 1983இல் வந்த 'புராஜெக்ட் ஏ'யில் கடிகாரக் கோபுரத்திலிருந்து இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுகிறார். பேசாப் பட காலத்து நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாய்டுக்கு அவர் செய்த மரியாதை அது. 1986இன் 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக யூகோஸ்லாவியாவில் எடுத்த ஒரு தாவல், மற்றவற்றோடு ஒப்பிட்டால் சின்னது. சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவ வேண்டும். முதல் முறை சரியாக வந்தும் அவருக்குத் திருப்தியில்லை. இரண்டாம் முறை கிளை முறிந்து, தலை பாறையில் மோதி, மண்டையோடு உடைந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பிழைத்தார். ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. படத்தில் ஆரம்பக் காட்சியில் அவருடைய முடி குட்டையாகவும் பிறகு நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த விபத்துதான்.

எல்லாச் சாகசங்களையும் டூப் இல்லாமல் அவரே செய்தார் என்ற விளம்பரத்தை நான் முழுதாக நம்பவில்லை. சில காட்சிகளில் அவருக்காகத் தாவியவர்களும் உண்டு. அவரோடு ஒரு ஸ்டன்ட் குழுவே இருந்தது. அவர்களும் எலும்பை முறித்துக்கொண்டார்கள். 2016இல் கௌரவ ஆஸ்கர் வாங்கியபோது, 56 ஆண்டுகளும் 200க்கு மேற்பட்ட படங்களும் ஏராளமான எலும்புகளும் ஆன பிறகு இது கிடைத்திருக்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். அந்த எலும்புக் கணக்கில் மற்றவர்களுடையதும் இருக்கிறது.

என் இரண்டு பக்கத்தைக் கால் பக்கமாகக் குறைத்தேன். நிறுவனத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக்குப் பாதியாகப் பேரம் முடிந்தது. படம் ஒளிபரப்பானபோது எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை. 2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்காக ஜாக்கி சான் சென்னை நேரு விளையாட்டரங்குக்கு வந்தபோது நானும் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தேன். தூரத்தில் கை அசைத்தார். வாய் தெரியவில்லை. நானும் எதையும் எழுதிப் பார்க்கவில்லை.

'ஆர்மர் ஆஃப் காட்' எங்களிடம் வந்தபோது அதே ஃபைட்டர் அண்ணனை நானே சொல்லி வரவழைத்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஜாக்கி சான் படங்களின் வழக்கப்படி, எடுத்துத் தவறிய காட்சிகளைக் காட்டுவார்கள். அதற்குத் தமிழ் தேவையில்லை என்பதால் ஒலிப்பதிவாளர் நிறுத்தப் போனார். அண்ணன் ஓட்டச் சொன்னார். கிளை முறிகிறது, ஆள் கீழே விழுகிறார், சுற்றிலும் ஓடி வந்து தூக்குகிறார்கள். மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறை திரையின் பக்கத்தில் போய் நின்று, விழுந்தவரை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து முதலில் ஓடி வருபவனை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இவன் ஃபைட்டர் சார். பாருங்க, மத்தவங்கல்லாம் கையப் புடிச்சுத் தூக்கப் போறாங்க. இவன் மட்டும் தலையப் புடிக்கிறான்."