கையில் பிடித்த கேமராவில் கண் கூர்மையாக விழும் வரை

முகப்படம் எடுக்கும்போது ட்ரைபாட் எனக்கு ஒத்துவருவதில்லை. எதிரில் இருப்பவர் திரும்புவார், சிரிப்பார், தலையைச் சாய்ப்பார். கூடவே நானும் நகர வேண்டும். அதனால் 85 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் திறப்பு) எஃப் 1.8, கேமரா எப்போதும் கையில். பின்திரையில் படம் எல்லாம் அருமையாகத்தான் தெரியும். கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கண் மட்டும் சற்று மங்கி நிற்கும். லென்ஸை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு முன், மங்கிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எதனால் மங்கியது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

மங்கல் எல்லாம் ஒரே வகை இல்லை. சில படங்களில் கண் மங்கல், ஆனால் காதோரத்து முடி இழை இழையாகத் தெரிந்தது. அங்கே ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. சிலவற்றில் எதுவுமே கூர்மையில்லை. கண்மணியில் விழும் ஒளிப்புள்ளிகூடச் சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. அது கை ஆட்டம். இன்னும் சிலவற்றில் பின்னால் இருந்த சுவர் வரை தெளிவு, முகம் மட்டும் கலங்கல். அவர் அசைந்திருக்கிறார். என் படங்களில் பெரும்பாலானவை முதல் வகை.

ஏன் என்று கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) இதே லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 3.3 செ.மீ. அளவுதான். கண்ணுக்கு முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. நிற்கிற மனிதர் மூச்சு விடும்போதே உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஆடுவது அவர் மட்டுமல்ல, நானும்தான்.

அப்புறம் என் பழக்கம் ஒன்று. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பேன். பலரும் இப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் கேமராவை 8 டிகிரி திருப்பினாலே, ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் தளம் கண்ணைத் தாண்டி ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. கண்ணுக்கு இருக்கிற ஒன்றரை செ.மீ. இடம் அதிலேயே தீர்ந்துவிடும். மேலே உடம்பு ஆட்டம் வேறு. காதோர முடி ஏன் அவ்வளவு தெளிவாக வந்தது என்பதற்கு இதுதான் விடை.

அதனால் பூட்டித் திருப்புவதை அறவே விட்டேன். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியை இயக்கி, தொடர் ஆட்டோஃபோகஸில் வைத்தேன். இப்போது கிளிக் ஆகும் நொடி வரை கேமரா கண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வசதி இல்லாத கேமராவில் ஃபோகஸ் புள்ளியையே நகர்த்தி, நமக்குக் கிட்ட இருக்கும் கண்ணில் வைக்க வேண்டும். முகம் சாய்ந்திருந்தால் இது ரொம்ப முக்கியம்: தூரத்துக் கண் கொஞ்சம் மங்கினாலும் படம் தாங்கும், கிட்டக் கண் மங்கினால் தாங்காது. கண்ணாடி அணிந்தவரிடமும், நெற்றி முடி கண்மேல் விழுபவரிடமும் கேமரா ஏமாறும். கண்ணாடிச் சட்டத்தையோ முடியையோ பிடித்துக்கொள்ளும். அங்கே மட்டும் நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

அபெர்ச்சரையும் எஃப் 2.8-க்குச் சுருக்கினேன். ஆழம் 5 செ.மீ. ஆகிறது; எஃப் 4 என்றால் ஏழரை. பின்னணி குழைவது கொஞ்சம் குறையும்தான். பின்னணியை முகத்திலிருந்து இன்னும் தள்ளி வைத்தால் அதையும் ஈடுகட்டலாம்.

கை ஆட்டத்துக்கு, லென்ஸின் குவியத் தூரமான 85-ஐக் கீழே போட்டு ஷட்டர் வேகம் 1/85 நொடி போதும் என்ற பழைய விதி எனக்குப் போதவில்லை. அது கை ஆட்டத்துக்கான கணக்கு. பேசிக்கொண்டிருப்பவரின் தலையசைவுக்கு அல்ல. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் அவரை அசையாமல் நிறுத்தாது. அதனால் 1/250-க்குக் கீழே போகாதபடி வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) தானியங்கிக்கு விட்டேன். ஐஎஸ்ஓ ஏறினால் வரும் நாய்ஸை, அதாவது பொடிப்புள்ளிகளை, மென்பொருளில் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட கண்ணை அப்படி மீட்க முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பிடிப்பது எளிய விஷயம். இடது கை லென்ஸின் அடியில், முழங்கைகள் விலாவோடு, மூச்சைப் பாதி விட்ட நிலையில் மெதுவாக அழுத்தல். மூன்று படமாகத் தொடர்ந்து எடுக்கிறேன். விரல் அழுத்தும் அதிர்வு பெரும்பாலும் முதல் படத்தோடு போய்விடும். அடுத்த இரண்டில் ஒன்றிலாவது கிட்டக் கண்ணின் இமைமுடி அடிவரை எண்ணுகிற மாதிரி வந்துவிடுகிறது. அப்படி வந்ததைத்தான் வைத்துக்கொள்கிறேன்.