ஃபேன் இல்லாத வீட்டுக்காரன் வீடு தேடிய கதை

மார்ச் மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. நீலகிரி மலையில் அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் குடியிருந்தாயிற்று. இந்த வீட்டில் ஒரு ஃபேன்கூடக் கிடையாது, மாட்டக் கூரையில் கொக்கியும் கிடையாது. இப்போது காலி செய்துவிட்டுக் 'கீழே' போக வேண்டும். நீலகிரிக்காரர்களுக்குக் கோயமுத்தூர், சென்னை, டெல்லி எல்லாமே 'கீழே'தான்.

இங்கேயே குன்னூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கலாம். பார்த்தேன். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட பிறகு, சரிவில் யார் வீடு காட்டினாலும் நான் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்னால் போய் மண்ணைத்தான் பார்க்கிறேன். அதோடு மனைவிக்கு மூட்டுவலி. டிசம்பர் வந்தால் காலையில் படி இறங்கவே அரைமணி நேரம் ஆகிறது.

மகள் கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். "அப்பா, எங்க அபார்ட்மென்ட்லயே ஒரு ஃபிளாட் காலியா இருக்கு, வந்துடுங்க" என்றாள். பதினோராவது மாடி. எங்கள் மலையில் கட்டிடம் ஏழு மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. வாழ்நாளில் மாடி வீட்டில் படுத்ததே நாலைந்து தடவைதான். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். நகரத்துக்குள் வேண்டாம், நகரத்துக்குப் பக்கத்தில் பார்ப்போம்.

அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை, மேட்டுப்பாளையம் ரோடுதான். அங்கிருந்தால் பஸ் ஏறி மேலே வரலாம், ரயில் ஏறிக் கோவைக்கும் போகலாம். மேட்டுப்பாளையத்துக்கு 1873லேயே ரயில் வந்துவிட்டது. அது குன்னூர் வரை மலையேற 1899 ஆனது. அந்தக் கீழ் லைனில் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று வரிசையாக நிற்கிற ஊர்களைத்தான் நானும் மனைவியும் ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தோம்.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்திருப்பேன். மலையை ஒட்டிய ஊர் என்றால் கொஞ்சமாவது குளிரும் என்று நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். மலை ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயமுத்தூர் 411 மீட்டர். அதாவது மலையடிவாரம் நகரத்தைவிடத் தாழ்வு! போதாததற்கு, கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. இது தெரிந்த பிறகுதான் ஜனவரியில் பார்த்துப் பிடித்துப்போன வீடுகளை எல்லாம் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தோம். ஜனவரியில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

மேட்டுப்பாளையம் எனக்குப் பழகிய ஊர். எங்கள் ஊர்க் கேரட்டும் கிழங்கும் பூண்டும் இறங்குகிற மண்டிகள், பவானி ஆறு, வனபத்ரகாளியம்மன் கோயில். மனசு அங்கேதான் இழுத்தது. ஆனால் சீசனில் பர்லியாறு வழியாக ஏறுகிற வண்டி, கோத்தகிரி வழியாக இறங்குகிற வண்டி இரண்டுக்கும் வாசல் அந்த ஒரே ஊர்தான். மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்கு ஆட்டோவில் போக நாற்பது நிமிஷம் ஆயிற்று. மனைவி ஒன்றும் பேசவில்லை. "நெஞ்சு வலின்னா என்ன பண்றது?" என்று திரும்பும்போது மட்டும் கேட்டாள். சரி, அது போயிற்று.

துடியலூர் ஏற்கெனவே கோயமுத்தூர் ஆகிவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில் பார்த்த வீடு நன்றாக இருந்தது, வாடகைதான் என் பென்ஷனைப் பார்த்துச் சிரித்தது.

இன்னொரு ஊரில் (பெயர் வேண்டாம்) புரோக்கர், "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க சார், போர் முந்நூறு அடி" என்றார். மனைவி அவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் போனாள். "நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வரும் சாமி. போர்த்தண்ணில பருப்பு வேகாது" என்றார் பாட்டி. வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தண்ணீரைப் பற்றிப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், குடம் தூக்குகிறவரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தும் பாருங்கள்.

கடைசியில் காரமடை. ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் கீழ்த்தளம், இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு வேப்பமரம். வீட்டுக்காரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "மாசித் தேருக்கு ரங்கநாதர் கோயில் பக்கம் வண்டி எடுக்க முடியாதுங்க, தீப்பந்தம் எடுக்கிற பந்த சேவைக்கு எங்க சொந்தமெல்லாம் வந்து இங்கதான் தங்கும். சத்தமா இருக்குதுன்னு சொல்லக் கூடாது." சொல்ல மாட்டோம் என்று அட்வான்ஸைக் கொடுத்தேன். மொட்டை மாடிக்கு ஏறினால் வடக்கே மலை தெரிகிறது. நான் பார்த்த அன்று உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அங்கே தூறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேர்வையைத் துடைத்தேன்.

நாலு ஃபேன் வாங்கியாயிற்று. எந்த ஃபேன் நல்லது என்று கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகளைக் கேட்டு, "சாருக்கு எந்த ஊருங்க?" என்றார் அவர்.

மகளுக்கு ஒரு குறை தீர்ந்தது. 2024 மே முதல் வெளி வண்டிகள் நீலகிரிக்கு ஏற இ-பாஸ் எடுக்க வேண்டும். அவள் கார் கோவைப் பதிவு, டி.என். 38. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர ஒவ்வொரு தடவையும் போனில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை.

"அந்தப் பழைய ஸ்கூட்டரை இங்கேயே வித்துட்டுக் கீழே ஒண்ணு புதுசா வாங்கிக்கலாம்ங்க" என்கிறாள் மனைவி. கீழே வாங்கினால் டி.என். 40 வரும். பிரேக் கட்டையை மாற்றி, ஆயில் ஊற்றி, லாரியில் ஏற்ற வேண்டிய சாமான் பட்டியலில் முதலாவதாக ஸ்கூட்டரை எழுதி வைத்திருக்கிறேன்.