இரண்டே தோட்டா: தனுஷ்கோடி மணலில் ஒரு சண்டைக் காட்சி எடுத்த கதை

கதை ஒரு வரிதான். மகளைக் கொன்றவர்களைத் தேடிப் போகிறார் ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார், வயது 62. கிளைமாக்ஸை தனுஷ்கோடியிலும், அதே ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையான வாலிநோக்கம் பக்கமும் 6 நாளில் எடுத்து முடித்தோம். பேப்பரில் எட்டு நிமிடமாக இருந்த சண்டை மணலில் இறங்கியதும் மூன்றாகச் சுருங்கியது. நல்லதுதான்.

முதலில் துப்பாக்கி. முதல் வெர்ஷனில் அவர் கையில் எஸ்.எல்.ஆர். இருந்தது. 7.62 எம்.எம். ராணுவத் துப்பாக்கி பென்ஷன்தாரர் வீட்டில் இருக்க வழியே இல்லை. ஊருக்கு நாலு எக்ஸ் சர்வீஸ்மேன் இருக்கிற மாவட்டம் இது, தியேட்டரிலேயே சிரிப்பார்கள். பேங்க் காவல் வேலைக்குப் போகிறவர்கள் லைசென்ஸ் எடுத்து வைத்திருப்பது 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி. அதையே கொடுத்தோம். இரண்டு தோட்டா, அப்புறம் மடக்கித் திறந்து மறுபடி போட வேண்டும். நடுங்குகிற விரலுக்கு, காற்றில் மணல் அடிக்கும்போது, அந்த வேலைக்கு நாலு விநாடியாவது ஆகும். எதிரி பாய்வதற்கு அந்த நாலு விநாடி போதும். சண்டையின் தாளமே அங்கிருந்துதான் பிறந்தது.

ஃபைபர் டம்மி ஒரு கிலோகூட இருக்காது. நடிகர் குச்சியைப் போலச் சுழற்றிவிடுவார். பிடிக்கட்டைக்குள் ஈயம் வைத்து 3 கிலோவுக்குக் கொண்டுவந்தோம், தோள் தானாகவே தாழ்ந்தது. சுடும்போது பின்னுதைப்பு தெரிய, கட்டையில் தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) கட்டி, ஃபிரேமுக்கு வெளியே ஒருவர் வெடுக்கென்று இழுத்தார். நெருப்புப் பொறி சி.ஜி.தான். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று மெட்ராஸ் ரெஜிமென்ட் முழக்கத்தைக் கத்த வைக்க டைரக்டருக்கு ஆசை. சொந்தப் பழிக்கு ரெஜிமென்ட்டை இழுக்க வேண்டாம் என்று வெட்டினோம். 1987-ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர் என்பது மட்டும் ஒரு வசனத்தில் நிற்கிறது.

அனுமதி விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம். கலெக்டர், எஸ்.பி. அலுவலகக் கடிதம் கையில் இருந்தாலும், படகில் துப்பாக்கியோடு ஆள் போகிற ஷாட் இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் மீனவர் சங்கத்துக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கரையிலிருந்து யாராவது பார்த்துவிட்டு கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணான 1093-க்கு போன் போட்டால் அன்றைய ஷூட்டிங் போச்சு. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் ட்ரோன் ஆசையை ஆரம்பத்திலேயே விடுவது உத்தமம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் கதையைக் கொண்டுபோகாதீர்கள். பொழுது சாய்ந்தால் தனுஷ்கோடியில் நிற்க விடமாட்டார்கள், ஆகவே இரவுக் காட்சி முழுக்க வாலிநோக்கம் பக்கம்.

மணல்தான் உண்மையான வில்லன். உலர் மணலில் விழுந்தால் வலிக்காது, ஆனால் திரும்பினால் கணுக்கால் போய்விடும். 8-க்கு 4 பிளைவுட், 18 எம்.எம்., ஆறு பலகையைச் சேர்த்துப் பதித்து மேலே இரண்டு விரற்கடை மணல் பரப்பினோம். முதல் நாள் 12 எம்.எம். போட்டதில் நடுவில் தொய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு கேமராவில் தெரிந்தது. விழுகிற இடத்தில் ஒன்றரை அடிப் பள்ளம், ஜிம் பெட், அதன்மேல் சாக்கு, பிறகு மணல். பரப்புவதற்குமுன் மணலைச் சலித்தே ஆக வேண்டும்: சிப்பி, பாட்டில் சில்லு, எங்கிருந்தோ காற்று கொண்டுவந்த கருவேல முள். பெரியவர் வெறுங்காலில் ஓடுகிறார் என்றால், பாதத்தின் அளவுக்கு மெல்லிய ரப்பர் வெட்டித் தோல்நிற டேப்பால் ஒட்டுங்கள். ஒரு டேக்கில் மூன்று அசைவுக்கு மேல் அவரிடம் கேட்காதீர்கள். உருளுவது, குதிப்பது எல்லாம் டூப்புக்கு.

ரத்தம். வழக்கமான சர்க்கரைப் பாகு கருவாட்டுக் களத்தில் எடுபடாது. இரண்டாவது டேக்குக்குள் ஈ மொய்த்து, செத்துக் கிடந்தவர் கண்ணைச் சிமிட்டிவிட்டார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சோள மாவைக் காய்ச்சி, சிவப்பு ஃபுட் கலரோடு ஒரு ஸ்பூன் கொக்கோ கலந்தோம். ஆறியதும் 100 மில்லி கிளிசரின். இல்லாவிட்டால் காற்றில் பத்தே நிமிடத்தில் பொருக்காகிவிடும். நாலு சொட்டு ஷாம்பு விட்டால் வேட்டியிலிருந்து கறை ஓரளவு போகும். இருந்தாலும் ஒரே மாதிரி வேட்டி குறைந்தது ஆறு வேண்டும்.

இடுப்பளவுத் தண்ணீரில் சண்டை என்றால் வடக்குப் பக்கம், அலை குறைந்த பெண்கடலில். திருக்கை கிடக்கும், ஆகவே காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். தெற்கே, அலை அடிக்கும் ஆண்கடலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஷாட். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, ஏறியதும் படகுக்காரர் என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், கச்சான் ஏறிருச்சு. பத்து மணிக்கு மேல படகு நிக்காது.”

“அண்ணே, ஒரே ஒரு ஷாட்ணே.”

“ஷாட்டு உங்களுது, படகு என்னுதுல்ல.”

அவர் சொன்னதுதான் நடந்தது. கச்சான் காலத்தில் லைட்டுக்குக் கட்டும் துணி பாய்மரமாகிவிடும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் 15 கிலோ மூட்டை நாலு. வெறும் சாக்கு கொண்டுபோனால் போதும், மணலுக்கா பஞ்சம்! லென்ஸைத் துடைக்குமுன் ஊதுங்கள். மணலோடு துடைத்தால் கோடு விழும்.

லைவ் சவுண்டை மறந்துவிடலாம், வசனம் எல்லாம் டப்பிங்தான். ஆனால் இரண்டு கடலின் சத்தத்தையும் விடியற்காலையில் தனித்தனியாக ஐந்தைந்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆண்கடல் இரையும், பெண்கடல் சலசலக்கும். மாற்றிப் போட்டால் ராமேஸ்வரத்துக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.